எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு குரல்

தெய்வசிகாமணி லரோஷ் கல்லூரியில் படித்தது மொத்தமே ஏழு மாதம்தான். பி.காம். முதல் வருடம் முடிவதற்குள் பாகூரில் அவருடைய அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். நிலத்தைப் பார்க்கப் போன பிள்ளை வகுப்புக்குத் திரும்பவில்லை. பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, இலாசுப்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்து, கல்யாணம் ஆகி, வயது நாற்பத்து நான்கும் ஆகிவிட்டது. அந்த ஏழு மாதத்துப் பாடத்தில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகமில்லை. கல்லூரியின் கால்பந்து அணி மட்டும் அவரை விடவில்லை.

பந்தை நேராக உதைக்கக்கூடத் தெரியாதவர் அவர். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் லரோஷ் ஆடிய ஆட்டங்களில் அவர் பார்க்காமல் விட்டவை மிகக் குறைவு. தங்கை கல்யாணத்தன்று ஒன்று, மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது இரண்டு, அப்புறம் மாமனார் இறந்த அன்று ஒன்று. அந்தக் கடைசி ஆட்டத்தின் முடிவைக்கூடச் சுடுகாட்டு வாசலில் நின்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டதாக அவருடைய மனைவி நிர்மலாதேவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

நிற்கும் இடத்துக்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எதிரணியின் கோலுக்குப் பின்னால், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம் பையன்கள் கோல் போடுவதை முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும் என்பது கணக்கு. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய்விடுவார். இந்த வருடத்து இறுதி ஆட்டத்தில் அது முடியவில்லை. உப்பளத்து மைதானத்தின் மறுகோடியில், எதிரணிக்காகக் காரைக்காலிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த கூட்டம் மேளத்தோடு நின்றிருந்தது. வேலியோரம் கால் வைக்க இடமில்லை. பாதி தூரம் போனவர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டார். ஆக, இரண்டாம் பாதி முழுக்க அவருக்கு முன்னால் இருந்தது லரோஷின் கோல்.

கல்லூரிகளுக்கிடையிலான அந்தக் கோப்பையை லரோஷ் வாங்கிப் பத்தொன்பது வருடமாகிறது. எண்பத்தெட்டாவது நிமிடம்வரை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. அப்போது காரைக்கால் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எம்பினார்கள். பந்து லரோஷின் மூன்றாம் நம்பர் விமல்ராஜ் மேல் பட்டுக் கீழே விழுந்தது. வைத்திக்குப்பத்துப் பையன், மூன்றாம் வருட மாணவன். அந்த சீசன் முழுக்க அணியின் பின்வரிசையைத் தாங்கிப் பிடித்தவன்.

அந்த நொடியில் வேலியோரத்திலிருந்து, பந்து கையில் பட்டதாக, "ஹேண்ட்" என்று ஒரு குரல் ஓங்கிக் கேட்டது. அது தன்னுடைய குரல்தான் என்று தெய்வசிகாமணிக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டி ஓடிவந்துகொண்டிருந்தார். லரோஷின் மஞ்சள் சட்டைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தின. காரைக்கால் ஆள் பந்தை வைத்து இடது மூலையில் அடித்தான். இரண்டுக்கு ஒன்று. மேளம் அடித்தது. தெய்வசிகாமணி வேலியைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். சற்றுத் தள்ளி நின்ற இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறையில் அடுத்த மிஷினில் வேலை செய்யும் புருஷோத்தமன் கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருந்தார். திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க விமல்ராஜைத் திட்டிக்கொண்டே வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு எம்புகிறவனை எவன் அணியில் சேர்த்தான் என்று கேட்டார். தெய்வசிகாமணி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். பச்சை விழுந்துவிடும். வீடு வந்த பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு மதியம், இருநூறு பேர் இருக்கும் லரோஷ் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பதினான்கு நொடி. கேலரி பக்கமிருந்து எடுத்தது. பந்து வருவதும் எல்லோரும் எம்புவதும் தெரிகிறது. பந்து பட்ட இடத்தை ஒருவனுடைய முதுகு மறைத்துவிடுகிறது. பிறகு ஒரு குரல். பிறகு விசில். தெய்வசிகாமணி கட்டிலில் சாய்ந்துகொண்டு அதைப் பத்துத் தடவைக்கு மேல் போட்டுப் பார்த்தார். துணி மடித்துக்கொண்டிருந்த நிர்மலாதேவி நிமிர்ந்தாள்.

"அது உங்க கொரலு தானே?"

"எது?"

"இப்பக் கத்துச்சே, ஹேண்டுன்னு. பதினெட்டு வருஷமா இந்தக் கொரலத்தான கேட்டுக்கினு இருக்கேன்."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆமாம் என்றார். அவள் முதலில் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கையில பட்டுதா?"

"தெரியல."

"அப்ப ஏன் கத்துனீங்க?"

"அதான் தெரியல."

நிர்மலாதேவி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். எந்தச் சிக்கலையும் பிரித்து மடித்து வைத்துவிடுவாள். இதையும் அப்படித்தான் வைத்தாள். கையில் பட்டிருந்தால் நீங்கள் சொன்னது உண்மை. படாவிட்டால் தப்பு ரெஃப்ரியுடையது, வேலிக்கு வெளியே கத்துகிறவன் பேச்சைக் கேட்டா ஊதுவார்கள். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றாள். அவள் சொல்லி முடித்தபோது அது முழுக்கச் சரியாகத்தான் இருந்தது. அவள் அடுக்களைக்குப் போன பிறகு சரியாக இல்லை.

கண்ணால் பார்த்துத்தான் கத்தினாரா? பந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் எங்கோ பட்டது போல இருக்கிறது. கையும் அங்கேதான் இருந்தது. யோசிக்க யோசிக்க, பட்டது போலவும் ஒரு படம் வருகிறது, படாதது போலவும் ஒரு படம் வருகிறது. இரண்டிலும் விமல்ராஜின் முழங்கை ஒரே மாதிரி மடங்கியிருக்கிறது. அல்லது பழக்க தோஷமா? முதல் பாதியில் அதே இடத்தில் நின்றுதான் காரைக்கால்காரர்களைப் பார்த்து இரண்டு தடவை ஹேண்ட் என்று கத்தியிருந்தார். பக்கம் மாறியது தலைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லையோ?

மூன்றாவதாக ஒன்றும் தோன்றியது. அதை அவர் நிர்மலாதேவியிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகக் கோப்பைக்குக் காத்திருந்து, அது கைக்கு எட்டும் தூரத்தில் வந்த நேரத்தில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. ஜெயித்துவிட்டால் அப்புறம் எதற்கு வந்து இந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்கிற மாதிரி ஒரு பயம். தோற்கட்டும் என்று நினைத்தாரா? இல்லை என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். நிர்மலாதேவி அடுக்களையிலிருந்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

திங்கட்கிழமை குழுவில் பேச்சு வேறு மாதிரி போனது. ஆட்டத்துக்கு முன் விமல்ராஜ் காரைக்கால் அணியின் ஒன்பதாம் நம்பர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்று வந்தது. அந்த ஒன்பதாம் நம்பர்தான் பெனால்டி அடித்தவன். போட்டோவுக்குக் கீழே ஒருவர், பையன் விலை போய்விட்டான் என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அதை எழுபது பேர் ஒத்துக்கொண்டார்கள். டீ நேரத்தில் புருஷோத்தமன் அந்தப் போட்டோவைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினார். கால்பந்தென்றால் என்னவென்று தெரியாத வெல்டர்கூட வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீடியோவில் கேட்கும் குரல் யாருடையது என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. காரைக்கால்காரன் எவனோ கத்துகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தெய்வசிகாமணி குழுவில் எழுத உட்கார்ந்தார். கத்தியது நான்தான் என்று அடித்தார். அதற்கு மேல் என்ன எழுதுவது? பந்து கையில் படவில்லை என்று எழுதினால் அது பொய்யாக இருக்கலாம். பட்டது என்று எழுதினால் பையனைக் காட்டிக்கொடுத்தது போலாகும். வெறுமனே கத்தியது நான் என்று மட்டும் எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அடித்ததை அழித்தார். புதன்கிழமை, விமல்ராஜ் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிறகு கல்லூரிக்கே வரவில்லை, பயிற்சிக்கும் வரவில்லை என்று ஒரு செய்தி வந்தது. அதன் கீழே ஒருவர் கைதட்டும் படம் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குப் போனார். அங்கே படகுகள் கரையேறியிருந்தன. நிழற்குடை கட்டிக்கொண்டு பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். புட்பால் ஆடும் விமல்ராஜ் வீடு எது என்று முதலில் இருந்த பெண்ணிடம் கேட்டார். அவள் கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டுவிட்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நான்தான் அவன் அம்மா. சாந்தி. நீங்களும் அந்த மேட்ச்சு விஷயமாத்தான் வந்தீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"திங்கக்கெழம ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க. எவ்ளோ வாங்கினான்னு எங்கிட்டயே கேக்கறாங்க. இன்னும் எத்தினி பேருண்ணா வருவீங்க?"

திட்டுவதற்கு வரவில்லை என்றார். பின்னே எதற்கு என்று அவள் கேட்டாள். அதற்கு முதலில் பையனிடம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அவளே மேற்கொண்டு பேசினாள். போட்டோவில் இருக்கும் அந்தக் காரைக்கால் பையன் தன் அண்ணன் மகன்தான் என்றாள். தனக்குப் பிறந்த ஊரே அந்தப் பக்கம்தான், அத்தை மகனும் மாமன் மகனும் தோளில் கை போடாமல் வேறு எங்கே போடுவார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஒரு படகைத் தாடையால் காட்டினாள்.

விமல்ராஜ் படகின் நிழலில் உட்கார்ந்து வலையில் மாட்டியிருந்த நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டிவந்த வழியெல்லாம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தது தெய்வசிகாமணிக்கு மறந்துபோயிற்று.

"விமலு, அன்னிக்கு ஹேண்டுன்னு கத்தினது நான்தான்."

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ணே."

"எப்பிடி?"

"மூணு வருஷமா கேக்கற கொரலு. தெரியாதா?"

அவர் மணலில் உட்கார்ந்தார். அவன் நண்டின் காலை நூலிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். பந்து நெஞ்சில் பட்டது என்றுதான் முதலில் நினைத்தான். அடுத்த நொடி அந்தக் குரல் கேட்டது. காரைக்கால் பக்கத்து ஆள் கத்தியிருந்தால் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். கத்தியது நம் அண்ணன். அவரே சொல்கிறார் என்றால் பட்டிருக்குமோ என்று குனிந்து தன் கையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது ரெஃப்ரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் விசில் வாய்க்குப் போனது.

"நான் கையப் பாக்காம இருந்திருந்தா அவரு ஊதியிருக்க மாட்டாருண்ணே."

"நான் கத்தாம இருந்திருந்தா நீ பாத்திருக்க மாட்ட."

"ஆமா."

ஒரு நண்டு கூடையிலிருந்து வெளியே வந்தது. விமல்ராஜ் அதை எடுத்துத் திரும்ப உள்ளே போட்டான். பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க பத்தடியிலதான் நின்னீங்க. என் கைய நேராப் பாத்தவரு நீங்க ஒருத்தருதான். சொல்லுங்க, பட்டுதாண்ணே?"

இதே கேள்வியை அவனிடம் கேட்கத்தான் அவர் கிளம்பி வந்திருந்தார். படவில்லை என்று சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்குமா, வீணாகத் தோற்றோமே என்று இன்னும் எரியுமா? பட்டது என்று சொன்னால் நியாயமாகத்தான் தோற்றோம் என்று அடங்குவானா, தன்னால்தான் போயிற்று என்று உடைந்துபோவானா? எது நல்ல பொய் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலப்பா. சத்தியமாத் தெரியல. உனக்கு?"

"நெஞ்சுல பட்டது தெரியும். கையிலயும் பட்ட மாதிரிதான் இருக்குது. ஆனா அது அப்பவே இருந்துச்சா, நீங்க கத்தினப்புறம் வந்துச்சான்னு பிரிக்க முடியல."

அவர் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினார். குழுவில் தான்தான் கத்தியது என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். விடுங்கண்ணே, அதெல்லாம் எதுக்கு என்று அவன் சொல்லுவான் என அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்தது உண்மை.

"சொல்லிடுங்கண்ணே," என்றான் விமல்ராஜ். "அம்மா நாலு நாளா சரியா சாப்புடல."

கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி, வண்டி மேலேயே உட்கார்ந்து குரல் செய்தியாகப் பேசினார். எழுதினால் மறுபடி அழித்துவிடுவோம் என்று பயம். தான் தெய்வசிகாமணி பேசுவதாகவும், வீடியோவில் கேட்கும் குரல் தன்னுடையது என்றும், அதைக் கேட்டுத்தான் பையன் கையைப் பார்த்தான், அதைப் பார்த்துத்தான் ரெஃப்ரி ஊதினார் என்றும் சொன்னார். பந்து கையில் பட்டதா என்று தனக்குத் தெரியாது என்றார். ஏன் கத்தினேன் என்றும் தெரியாது, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று முடித்தார். ஒரு நிமிடம் இருபது நொடி. அனுப்பிவிட்டுப் பட்டறைக்குப் போய் மிஷினைப் போட்டார். அளவு தப்பியதில் ஒரு இரும்பு ஷாஃப்ட் வீணானது.

வசவு வரும் என்று எதிர்பார்த்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தார். அறுபத்து மூன்று செய்திகள். முதல் ஆள் கைகூப்பும் படம் போட்டிருந்தார். அடுத்தவர், இந்த மனசு யாருக்கு வரும் என்று எழுதியிருந்தார். பையன் மேல் விழுந்த பழியை ஒரு பெரியவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று மூன்றாவது ஆள். அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இருபத்தைந்து வருடமாக லரோஷுக்காக நிற்கிற மனுஷன் லரோஷுக்கு எதிராகக் கத்துவாரா என்று அவர்களே கேட்டு அவர்களே இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டார்கள்.

புருஷோத்தமன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்தார்.

"நீ இன்னா பெரிய தியாகியா தெய்வா? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு."

"அதான்யா உண்மை."

"அப்பக் கத்திக் காட்டு."

பட்டறை நடுவில் நின்று தெய்வசிகாமணி ஹேண்ட் என்று கத்தினார். வேண்டுமென்றே கத்தியதில் குரல் வேறு மாதிரி வந்தது. இன்னொரு தடவை கத்தினார். இன்னும் மோசமாக வந்தது. புருஷோத்தமன் வீடியோவைப் போட்டுக் காட்டி, பார், இது கனத்த தொண்டை, உன்னுடையது கீச்சுக் குரல் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலே, வீடியோவில் இருப்பது என் குரல்தானே என்று நிர்மலாதேவியைக் கேட்டார். பின்னே யாருடையதாம் என்றாள் அவள். அதன் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.

குழுவில் பேச்சு அதோடு மாறிவிட்டது. போட்டோ போட்டவரே அதை நீக்கினார். விலை போனான் என்று எழுதியவர், அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுதினார். வெள்ளிக்கிழமை விமல்ராஜ் பயிற்சிக்கு வந்தான் என்றும் கோச் ஒன்றும் கேட்காமல் பந்தைத் தூக்கிப் போட்டார் என்றும் தெரிந்தது. தெய்வசிகாமணி நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன உண்மையால் நடக்கவில்லை. அதை எல்லோரும் பொய் என்று எடுத்துக்கொண்டதால் நடந்தது. இன்னொரு தடவை எல்லோரையும் உட்காரவைத்து நம்பவைக்க வேண்டுமா, இப்படியே விட்டுவிட வேண்டுமா? நம்பவைத்தால் பையனுக்குக் கிடைத்த நல்ல பேர் நிற்குமா? லேத்தில் நிற்கும்போது ஒரு முடிவுக்கு வருவார். டீ குடிக்கும்போது அது நேரெதிராக மாறிவிடும்.

சனிக்கிழமை மதியம் பட்டறை முடிந்து வெளியே வந்தபோது கேட்டருகில் விமல்ராஜ் சைக்கிளோடு நின்றிருந்தான். ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதை எடுத்து நீட்டினான். உள்ளே பெரிய சங்கரா மீன் இரண்டு, ஐஸ் கட்டியோடு.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க."

"கத்தினது நான்தான்னு அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. உங்க வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

விமல்ராஜ் கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல. மீன எடுத்து வெச்சாங்க."

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறிப் போனான். தெய்வசிகாமணி பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஐஸ் உருகிச் செருப்பில் சொட்டத் தொடங்கியதும்தான் வண்டியை எடுத்தார்.

வீட்டில் நிர்மலாதேவி பையைப் பிரித்துப் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னார். எதுக்காம் என்று கேட்டாள். நன்றிக்கா, கோபம் போயிற்று என்பதற்கா, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்பதற்கா, அவருக்குப் பிடிபடவில்லை. தெரியல என்றார். அவள் அருவாமனையை எடுத்துப் போட்டுக்கொண்டு செதில் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் ஒரு குண்டானில் தண்ணீர் மொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.